விருந்தாளிக் கொடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடு வாங்கியது ஆட்டின் மேலுள்ள பாசத்தாலோ பூமியின் மேலுள்ள அக்கறையாலோ அல்ல. குனிந்து களை பிடுங்க என் முதுகு மறுத்துவிட்டது, அதனால்தான். பிற்பாடு இயற்கை, மண்ணின் உயிர், வருங்காலச் சந்ததி என்றெல்லாம் நான் கையை வீசிப் பேசியதைக் கேட்டவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். லிஃப்ட் விற்கும் கம்பெனி என்னைக் கீழே இறக்கிவிட்டதும், "ரெண்டு வாரம் தங்கிட்டுப் போறேன்க்கா" என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவன். பெட்டியின் பூட்டு துருப்பிடித்துவிட்டது. நான் இன்னும் கிளம்பவில்லை. அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். வீட்டின் பின்கதவைத் திறந்தால் பச்சை நிழல்வலை, அதன் கீழே கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக மரக்கன்றுகள். அத்தான் பண்ணையின் வேனை ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். பேசாமல் இருப்பவர்கள் பேசும்போதுதான் ஆபத்து என்பதை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

பண்ணையை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரை முழுக்க ஒரு கொடி. யாரோ ஒரு புண்ணியவான், பூ அழகாயிருக்கிறதே என்று எங்கிருந்தோ கொண்டுவந்து வாசலில் நட்டாராம். அது வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மரத்தில் ஏறி, மரத்தை மூச்சுத் திணறடித்து, ஊரையே வளைத்துப் போட்டுக்கொண்டது. ஊரில் அதற்கு விருந்தாளிக் கொடி என்று பெயர். வந்தது, போகவில்லை. அத்தான் அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பவே மாட்டார். திரும்பிச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த வருடம் அக்காவுக்கு அவள் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் வந்திருந்தது. புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி வளாகம் முழுவதற்கும் மரக்கன்றுகள். ஆனால் ஒரு கன்று பண்ணையை விட்டு வெளியே போவதானால் தாவர ஆய்வாளர் வந்து பார்த்து, பண்ணையிலும் அதைச் சுற்றியும் அந்தக் கொடி இல்லை என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கன்று பையிலேயே நிற்கும். வேர் சுருண்டு சுருண்டு பாழாகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு பண்ணைக்குப் போய்விடுவார்கள். விதை போட்ட நாளிலிருந்து பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட அத்தனையையும் அக்கா தன் கையாலேயே குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

கொடியை வெட்டினால் இரட்டிப்பாகத் தழைக்கும். மருந்தடித்தால் வாய்க்கால் தண்ணீரில் கலக்கும், கன்றுகளுக்கும் அதே தண்ணீர்தான். ஆக, குனிந்து வேரோடு பிடுங்க வேண்டும். "தம்பி, நீ சும்மாதானே இருக்க" என்றாள் அக்கா. போனேன். காபி ஆறுகிற நேரம்கூடப் பிடுங்கியிருக்க மாட்டேன். இடுப்பில் ஏதோ 'கடக்' என்றது. அத்தானும் அக்காவும் என்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். படுத்தபடி போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. எங்கோ ஒரு மலைச்சரிவில் ஆடுகள் புதரை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆட்டைவிட அந்த நாற்காலிதான் பிடித்திருந்தது.

ஆடு வருவதற்கு முன்பே விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. 'இயக்குநர், பசுமை மேய்ச்சல் சேவை' என்று போட்டிருந்தேன். அத்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். "அப்போ ஆடெல்லாம் டைரக்டர் கீழ வேலை பார்க்கும், அப்படித்தானே?" என்றார். அன்றிலிருந்து நான் டைரக்டர்.

ஆடுகள் வந்தன. கரையில் இறக்கிவிட்டேன். புல்லைத் தின்றன. வேலிக்கு வெளியே தலையை நீட்டி அக்கா காயப்போட்டிருந்த துண்டைத் தின்றன. அத்தானின் வேன் கதவு திறந்திருந்தபோது சீட்டுக்குள்ளிருந்த பஞ்சைத் தின்றன. விருந்தாளிக் கொடியை மட்டும் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பதுபோல என்னைப் பார்த்தன. ஆட்டு வியாபாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பழகாததை ஆடு திங்காது சார். ஒண்ணு திங்க ஆரம்பிச்சா அதைப் பார்த்து மத்ததும் திங்கும். முதல்ல பெரிய ஆட்டைப் பழக்குங்க" என்றார்.

"எப்படிங்க பழக்கறது?"

"சின்னப் புள்ளைக்கு எப்படி ஊட்டுவீங்க? அப்படித்தான்."

மந்தையிலேயே மூத்த பெட்டையைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடி போடாத குறைதான், அப்படியே என் கணக்கு டீச்சர். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது அவர் பார்ப்பாரே ஒரு பார்வை, அச்சு அசல் அதே பார்வை. டீச்சரம்மா என்று பேர் வைத்தேன். இலையில் சர்க்கரைப் பாகைத் தடவிக் கொடுத்தேன். பாகை நக்கிக்கொண்டு இலையைத் துப்பியது. பொடியாக நறுக்கித் தவிட்டில் கலந்தேன். தவிட்டை ஒரு துகள் விடாமல் தின்றுவிட்டு இலையை ஓரமாக ஒதுக்கி வைத்தது. கடைசியில் ரோஷம் வந்துவிட்டது. அதன் எதிரே நான்கு காலில் நின்று, ஒரு கொத்தைப் பறித்து என் வாயிலேயே போட்டு மென்று காட்டினேன். கசப்பென்றால் கசப்பு, அப்படியொரு கசப்பு. நாக்கெல்லாம் சுணை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான்.

"காபி போடச் சொல்லவா டைரக்டரே? இல்ல, இதுவே போதுமா?"

வாய் நிறைய இலை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில்தான் டீச்சரம்மா கழுத்தை நீட்டி என் வாயிலிருந்து தொங்கிய இலையைக் கடித்து இழுத்தது. மென்றது. யோசித்தது. இன்னொன்று கேட்டது. எனக்கு இரண்டு நாள் நாக்கு வீங்கிக் கிடந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது நிம்மதியான காலம்.

பிறகென்ன, டீச்சரம்மா தின்றதைப் பார்த்து வகுப்பே தின்றது. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வலைவேலி கட்டி, நெருக்கமாக விட்டேன். மறுபடி துளிர்த்ததையும் வேர் சாகும்வரை விடாமல் மேயவிட்டேன். இடம் தாராளமாகக் கொடுத்தால் ஆடும் என்னைப் போலத்தான், பிடித்ததை மட்டும் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாடம் நடத்தியதில் நாள் ஓடிப்போய்க் கொடியில் பூ உதிர்ந்து காய் முற்றியிருந்தது. காயையும் கறுக்முறுக்கென்று தின்றன. பரவாயில்லையே, விதையோடு தீர்த்துக்கட்டுகின்றனவே என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

கரை வெளுத்ததும் ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள், பேசினேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள், கேட்காமலேயே பேசினேன். "ஆடு என்பது நான்கு கால் உள்ள இயற்கையின் கத்தரிக்கோல்" என்று ஒரு வாசகம் வைத்திருந்தேன். அதை நானே கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்வேன்.

இதற்கிடையில் கொட்டிலில் புழுக்கை குவிந்தது. வெயிலில் காயவைத்து, இடித்துத் தூளாக்கி அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா எருவை மூடிப் போட்டு, சூடேறி, மண்ணாக மக்கிய பிறகுதான் கன்றுக்குப் போடுகிறவள். கையில் அள்ளிப் பார்த்தாள்.

"நல்லா மக்கிடுச்சாடா?"

"எடுத்து அப்படியே வாயில போட்டுக்கலாம்க்கா, அந்த அளவுக்கு மக்கிடுச்சு."

மக்குவது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. காய்ந்தால் மக்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை அதுவரை என் வாழ்நாளில் நான் செலவழித்ததேயில்லை. அக்கா என்னை நம்பினாள். அதுவும் அவளுக்குப் பழக்கம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கைப்பிடி போட்டாள்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான அம்மாள், கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் ஒரு பை. அதிர்ந்து பேசவில்லை. கரையை மேலும் கீழும் நடந்து பார்த்தார். கம்பியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். கன்றுகளின் இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். அக்கா அவர் பின்னாலேயே போனாள். முந்தின இரவு அவள் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தான் வேனைக் கழுவி, பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. கரை சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது ஒரே வாய், எனக்கு உடம்பெல்லாம் வாய்.

"கரை என்னங்க மேடம் கரை! எங்க டீச்சரம்மாவைக் கூட்டிட்டு ஒரு சுத்து வந்தா போதும், அந்தக் கொடி எந்த மூலையில ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக்குடுத்துடும்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "அப்படியா? எங்க, கூட்டிட்டு வாங்க பார்ப்போம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சரம்மாவின் கழுத்தில் கயிறு போட்டு, கன்று வரிசைகளுக்கு நடுவே ஊர்வலமாக அழைத்துவந்தேன். நிழல்வலையின் கீழே நாலடி வைத்திருக்கும். நின்றது. மூக்கைத் தூக்கியது. சரசரவென்று ஒரு வரிசைக்குள் தலையை விட்டு, கன்றின் அடியில் எதையோ கவ்வி இழுத்தது.

"ஐயோ, கன்னைத் திங்குது!" என்றார் ஆய்வாளர். சிரித்தும் விட்டார். "உங்க டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் பாடம் எடுக்கணும் போல."

அது கன்றைத் தின்னவில்லை. அதன் உதட்டோரத்தில் தொங்கியது இரண்டே இலை விட்ட ஒரு முளை. தின்று பார்த்தவனுக்குத் தெரியாதா? அடுத்த பையைப் பார்த்தேன். கன்றின் இலை மறைவில் இன்னொரு முளை. அதற்கடுத்த பையிலும். என் எரு போட்ட பை அத்தனையிலும் விருந்தாளி கண் விழித்துக்கொண்டிருந்தது. ஆட்டின் வயிற்றில் போன விதை சாகவில்லை. சொகுசாகப் பயணம் செய்து, எருவோடு போய், ஒவ்வொரு பையிலும் இறங்கியிருக்கிறது. ஊரெல்லாம் அழித்ததாகப் பீற்றிக்கொண்ட களையை, என் கையாலேயே அக்கா பண்ணையில் விதைத்திருக்கிறேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அதையும் பாருங்கள், தப்பான நேரத்தில். ஆய்வாளருக்குத் தெரியவில்லை, கன்று போனதாக நினைக்கிறார், மறுபடி பேனாவைத் திறக்கிறார். கையெழுத்து ஆகிவிட்டால் அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேன். அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேனா, நான் பிழைத்தேன் என்று நினைத்தேனா, இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அக்கா குனிந்தாள். டீச்சரம்மாவின் வாயிலிருந்து முளையை உருவினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பக்கத்துப் பையைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போய்விட்டது. திறந்து கிடந்த வேன் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்" என்றாள்.

டீச்சரம்மா அதற்குள் அடுத்த பைக்குப் போயிருந்தது.

"எரு என்னோடது மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மக்கிடுச்சுன்னு நான்தான் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாது."

ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்து முளையைப் பார்த்தார். "காய் முத்தறதுக்கு முன்னாடியே மேயவிட்டிருக்கணும். அதுக்கப்புறம் மேஞ்சா அந்த எருவைக் கன்னுக்குப் போடவே கூடாது. ஆட்டையும் கொஞ்ச நாள் தனியா கட்டி வேற தீனி போட்டுத்தான் வெளிய விடணும். இதெல்லாம் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன். அந்த ஒரு நொடியை அன்றைக்குத்தான் செலவழித்தேன்.

திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், ஒரு பையில் ஒரு முளை இருந்தாலும் எந்தக் கன்றும் வெளியே போகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அத்தான் வேன் கதவைச் சாத்தினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு பழைய சாக்கை மடித்துக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

"முட்டிக்கு வெச்சுக்கோ" என்றார். டைரக்டர் என்று கூப்பிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் களை பிடுங்கினோம். ஆடுகளைக் கொட்டிலில் அடைத்து வைக்கோல் போட்டோம். மிச்ச எருவைக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பிறகு ஒவ்வொரு பையாக எடுத்து, மேல்மண்ணைச் சுரண்டி, முளையை வேரோடு இழுத்தோம். வேர் நூல் மாதிரி இருக்கும். அவசரப்பட்டால் அறுந்து உள்ளே நின்றுகொள்ளும். எந்த வேலைக்குப் பயந்து ஆட்டை வாங்கினேனோ அந்த வேலை கரையிலிருந்து கிளம்பி, பல மடங்காகப் பெருகி, என் மூக்குக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. என் முதுகு போட்ட கூச்சலை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்காத மாதிரி இருந்தேன். கொட்டிலிலிருந்து டீச்சரம்மா பார்த்துக்கொண்டே இருந்தது. அதே விடைத்தாள் பார்வை.

அக்கா என் எதிர் வரிசையில் இருந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்க்கா சொன்னே? அவங்க கவனிக்கவே இல்லையே. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாங்க."

அக்கா நிமிரவில்லை. கை வேலை செய்துகொண்டே இருந்தது.

"போட்டுட்டுப் போயிருப்பாங்க. கன்னும் போயிருக்கும். ஆஸ்பத்திரித் தோட்டம் பூராவும் இது முளைச்சிருக்கும். அங்க யாரோ ஒருத்தி குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கிட்டிருப்பா. அவளுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கும்லடா."

"மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம். பிடிச்ச வேரை அறுக்காம இழு" என்றாள்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். பூதக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை. "அந்த டீச்சரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். டீச்சரம்மா நிழல்வலைக்குள் நுழைந்தது. அத்தனை நாள் வெறும் வைக்கோல் தின்று வெறுத்துப்போன வயிறு. முதல் வரிசையில் மூக்கை ஓட்டிக்கொண்டே போனது. ஒன்றுமில்லை. அடுத்த வரிசை. அக்கா நிழல்வலைக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் போய் நின்றது. மூக்கைத் தூக்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சரம்மா திரும்பி, யாரையும் பார்க்காமல், நேராக வந்தது. நேராக என்னிடம் வந்தது. என் கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து ஒரு கொத்து வாடிய முளையை உருவிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது. பிடுங்கியதைப் பையில் திணித்துக்கொண்டே வேலை செய்தவன், கொட்ட மறந்திருக்கிறேன்.

ஆய்வாளர் தன் பையை என் முன்னால் விரித்தார். "மிச்சத்தை இதுல போடுங்க" என்றார். கால்சட்டைப் பையை வெளியே இழுத்து, தையலிடுக்கு வரை உதறிக் கொட்டினேன். அதைக் கட்டி வைத்துவிட்டு, வேன் பானெட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு பொலபொலவென்று அழுதுவிட்டாள். அத்தான் வேன் கதவைத் திறந்தார். முதல் கன்றைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, டீச்சரம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பலே! பண்ணையில கடைசியா மிச்சமிருந்த விருந்தாளிக் கொடியைச் சரியா கண்டுபிடிச்சிடுச்சு" என்றார். இந்த முறை என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "என்ன டைரக்டரே, பிடுங்கிடலாமா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"விடுங்க. இது வேரோட வராது" என்றாள்.

நான் நிமிர்ந்து நின்று ஏதாவது பேசியிருப்பேன். முதுகு விடவில்லை.